லிப்ட்டுக்காரர் சொல்லாமல் போன தப்பு

லிப்ட்டுக்காரர் செத்துப்போன செய்தி வந்ததும் டெய்லருக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, கோபம். ஒரு நாள் பொறுத்திருக்கக் கூடாதா மனுஷன்? ஒரே ஒரு நாள். செவ்வாய்க்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பி, ஷூ மாட்டக் குனிந்தவர் நிமிரவேயில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். புதன்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு டெய்லர் அவர் வீட்டுக்குப் போய் ஒரு கேள்விக்கு விடை சொல்லியிருக்க வேண்டும். போனார். அவரை எடுத்துப் போய்ப் புதைத்துவிட்டுத் திரும்பிய கூட்டத்தோடு கூட்டமாகப் போய், வாசலில் செருப்புக் குவியலுக்குப் பக்கத்தில் நின்றுவிட்டு, யாரிடமும் எதுவும் சொல்லாமல் வந்துவிட்டார்.

கேள்வி இதுதான். முந்தின ஞாயிற்றுக்கிழமை வேட்டையில் டெய்லர் செய்த ஒரு தப்பு என்ன?

இவர்களுக்குள் வழக்கம் அப்படி. வேட்டை நடந்த நாளில் வேட்டையைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. திரும்பி வரும்போது வேனில் அரசியல் பேசலாம், விலைவாசி பேசலாம், வேன்காரருடைய மச்சானை ஆளாளுக்குத் திட்டலாம். வேட்டைப் பேச்சு மட்டும் கூடாது. வீட்டு முனையில் இறங்கும்போது லிப்ட்டுக்காரர் விரலைக் காட்டுவார். மூன்று விரல் என்றால் டெய்லர் அன்றைக்கு மூன்று தப்பு செய்திருக்கிறார். என்ன தப்பு என்று சாமி வந்து கேட்டாலும் சொல்ல மாட்டார். டெய்லர் மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, புதன்கிழமை கடையைச் சாத்திவிட்டுப் போய், தானே சொல்ல வேண்டும். சரியாக இருந்தால் லிப்ட்டுக்காரர் உள்ளே பார்த்து "டீ போடும்மா" என்று குரல் கொடுப்பார். இல்லையென்றால், "இல்லண்ணே. போய் யோசிச்சுட்டு வாங்க." அவ்வளவுதான். பச்சைத் தண்ணீர்கூடக் கிடைக்காது.

இத்தனைக்கும் டெய்லருக்கு ஐம்பத்து நாலு வயது, லிப்ட்டுக்காரருக்கு நாற்பத்தைந்து. ஒன்பது வயது சின்ன ஆளிடம் போய்க் கை கட்டி நிற்கிறீர்களே, வெட்கமாக இல்லையா என்று டெய்லரின் மனைவி கேட்காத வாரமில்லை. வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் போனார்.

நாலு வருஷத்துக்கு முன்னால் டெய்லர் கடை இருந்த கட்டடத்தில் லிப்ட் நின்றுபோய், அதைச் சரிசெய்ய வந்தவர்தான் இவர். கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நாலு மாடியும் படியேறியே போனார், இறங்கினார். சரிசெய்த பிறகும் படியில்தான். "ரிப்பேர் பண்றவனுக்குத்தாண்ணே தெரியும் உள்ள என்ன இருக்குன்னு" என்று சிரித்தார். வேட்டைக்குப் போட்டுக்கொள்ள, கணுக்காலைப் பிடிக்கிற மாதிரி ஒரு பேன்ட் தைத்துத் தரச் சொன்னார். முள்ளும் பூச்சியும் உள்ளே போகக் கூடாதாம். பேன்ட் தைத்துக் கொடுத்த டெய்லர், அது காட்டில் எப்படி உழைக்கிறது என்று பார்க்க ஒரு தடவை அவரோடு போனார். அதோடு சரி, சிக்கிக்கொண்டார். வயல்களை நாசம் செய்கிற காட்டுப்பன்றிகளைச் சுட வேட்டைக்காரர் சங்கத்துக்கு அனுமதி உண்டு. டெய்லரும் பரீட்சை எழுதி, கண்ணைச் சோதித்து, துப்பாக்கிக்கு உரிமம் வாங்கினார்.

முதல் வேட்டையில் லிப்ட்டுக்காரர் இரண்டு கையையும் தூக்கிக் காட்டினார். பத்து! அதில் ஒன்றைக் கண்டுபிடிக்க மூன்று புதன்கிழமை ஆனது. வாசனை சோப்புப் போட்டுக் குளித்துவிட்டுப் போயிருக்கிறார் டெய்லர். இன்னொரு ஞாயிறு, கழுத்தில் தொங்குகிற மஞ்சள் இஞ்ச் டேப்பைக் கழற்ற மறந்து, அது காற்றில் ஆட ஆட நாள் முழுக்கப் புதருக்குள் பதுங்கியிருக்கிறார். பழக்க தோஷம். அதைக் கண்டுபிடித்துச் சொன்னபோதுதான் லிப்ட்டுக்காரர் டீயைப் புரையேற விட்டுச் சிரித்தார். "பன்னி பாவம், தனக்குச் சட்டை தைக்க அளவெடுக்க வந்திருக்கீங்கன்னு நெனச்சிருக்கும்ணே."

வருஷம் ஆக ஆக விரல்கள் குறைந்தன. ஐந்து, நாலு, மூன்று. இரண்டுக்குக் கீழே வந்ததே இல்லை. கடைசி ஞாயிற்றுக்கிழமை ஒன்று.

அன்றைக்குக் கிடைத்த வேலை, லாரியில் அடிபட்டு நொண்டுகிற ஒரு கிழட்டுப் பன்றி. வலியில் வெறி பிடித்து, வயலில் வேலை செய்கிறவர்களைத் துரத்திக்கொண்டிருந்தது. ஓடையில் தண்ணீர் வற்றிச் சேறு மட்டும் இருந்தது. லிப்ட்டுக்காரர் ஓடைக்கரையில் நின்று, "இன்னைக்கு நீங்க முன்னால போங்கண்ணே. நான் பின்னால வர்றேன்" என்றார். டெய்லருக்குத் தலைகால் புரியவில்லை. நாலு வருஷமாக அந்த முதுகையே பார்த்துக்கொண்டு நடந்தவர், முதல் தடவையாக முன்னால் நடந்தார். தடத்தைப் படித்துக்கொண்டே, பின்னால் வருகிறவருக்குக் கேட்கிற மாதிரி மெதுவாகச் சொல்லிக்கொண்டே போனார். "இங்க நின்னிருக்கு. வலது பின்னங்காலை ஊனவே இல்ல. இங்க மறுபடி நின்னிருக்கு. எட்டு சின்னதாயிடுச்சு. ரொம்ப நேரம் தாங்காது." பின்னாலிருந்து "ம்" என்று சத்தம் வந்தது. ஒரு மணி நேரத்தில் நாணல் புதருக்குள் பன்றியைக் கண்டார். ஒரே குண்டு. அது துடிக்கக்கூட இல்லை.

லிப்ட்டுக்காரர் கொஞ்சம் தாமதமாக வந்து சேர்ந்தார். பன்றியைப் பார்த்தார், டெய்லரைப் பார்த்தார், ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துகொண்டார். வேனில் யாரும் மச்சானைத் திட்டவில்லை, ஏனென்றால் லிப்ட்டுக்காரர் தூங்கிவிட்டார். முனையில் இறங்கியதும் சிரித்துக்கொண்டே ஒரே ஒரு விரலைக் காட்டினார். "புதன்கிழமை வாங்கண்ணே."

அந்த ஒரு விரல்தான் இப்போது டெய்லரின் உயிரை வாங்கியது. எந்நேரமும் கண்ணுக்கு முன்னால் நீட்டிக்கொண்டே நின்றது. காற்று முகத்துக்கு எதிராகத்தான் வீசியது, சரி. சோப்புப் போடவில்லை. டேப் கடையில் தொங்கியது. சாவிக்கொத்தை வேனிலேயே வைத்தார். அப்புறம் என்ன? கண்டுபிடித்தாலும் சரியா தப்பா என்று சொல்ல ஆள் எங்கே? விடைத்தாளைத் திருத்தாமல் வாத்தியார் ஓடிப்போனால் மாணவன் என்னதான் செய்வான்! வியாழக்கிழமை ஒரு சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்தார். வெள்ளிக்கிழமை அதைப் பிரித்து, இரண்டு வலது கை வைத்தார்.

"ஊர்ல யாரும் சாகலியா? எல்லாரும் அழுதுட்டு அடுத்த வேலையப் பாக்கலியா? நீங்க மட்டும் என்னவோ பரீட்சைக்குப் படிக்கிற மாதிரி மோட்டுவளையப் பாத்துட்டு உக்காந்திருக்கீங்க" என்றார் மனைவி.

"ஒரு விரல் காட்டினான்டி."

"காட்டினா காட்டிட்டுப் போறாரு. விடுங்களேன்."

விட முடியவில்லை. வேன்காரரைப் பிடித்துக் கேட்டார். வேன்காரர் யோசிக்கிற மாதிரி தாடையைச் சொறிந்தார். "தப்பா? ஒண்ணுதான் சொன்னாரா? எனக்கே ஒரு ஏழெட்டு தெரியும்ணே."

"நீ வேன்ல குறட்டை விட்டுட்டு இருந்தே."

"வேன்லேர்ந்தே தெரிஞ்சுது."

டெய்லர் பல்லைக் கடித்துக்கொண்டு வந்துவிட்டார். இந்த ஆளிடம் கேட்டதுதான் தன்னுடைய தப்பு என்று தோன்றியது.

சனிக்கிழமை வேட்டைக்காரர் சங்கத்தில் இரங்கல் கூட்டம். மாடியில் நீளமான ஓர் அறை, முப்பது பிளாஸ்டிக் நாற்காலி, கடகடவென்று ஆடுகிற மின்விசிறி, மேஜையில் லிப்ட்டுக்காரர் படம். அடையாள அட்டைக்கு எடுத்த படத்தைப் பெரிதாக்கியிருந்தார்கள், முகம் திருடனைப் போல் இருந்தது. அதைப் பார்த்ததுமே டெய்லருக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

முதலில் வேன்காரர் எழுந்து அளக்க ஆரம்பித்தார். டெய்லரே தோற்றுப்போகிற அளவு. முந்நூறு அடி தூரத்தில், ஓடுகிற பன்றியை, கண்ணில் தூசி விழுந்து ஒற்றைக் கண்ணோடு சுட்டாராம் லிப்ட்டுக்காரர். குண்டு ஒரு காதில் போய் மறு காதில் வந்ததாம். அடுத்து எழுந்தவர் அதை ஐந்நூறு அடி ஆக்கினார். மூன்றாவது ஆள் இரண்டு பன்றி என்றார். டெய்லருக்கு வயிறு எரிந்தது. இந்தக் கூட்டத்தில் ஒருத்தனுக்காவது அந்த மனுஷனைத் தெரியுமா? லிப்ட்டுக்காரர் சுடுவதில் படு சுமார். அதனால்தான் அவர் சுட அவசரப்படவே மாட்டார். பார்ப்பார், பார்ப்பார், பார்த்துக்கொண்டே கிட்டத்தில் போய்விடுவார். குழந்தை சுட்டாலும் படுகிற தூரத்துக்குப் போய்த்தான் துப்பாக்கியைத் தூக்குவார். அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை பார்ப்பது.

"டெய்லர் அண்ணன் ரெண்டு வார்த்தை பேசுவார்" என்றார் சங்கத் தலைவர்.

டெய்லர் எழுந்தார். "அவர் சுடுறதுல சுமார்தான்" என்றார்.

வேன்காரர் இருமினார்.

"முந்நூறு அடியும் இல்ல, ஐந்நூறு அடியும் இல்ல. பத்துக்கு நாலு தப்பும். ஆனா அவர் மாதிரி பாக்கத் தெரிஞ்ச ஆள் இங்க ஒருத்தர் கிடையாது. நான் உட்பட." அழுகை வந்துவிடுமோ என்ற பயத்தில் குரலை உயர்த்தினார். "போன ஞாயித்துக்கிழமை ஒரு விரல் காட்டினாரு. நான் என்ன தப்பு பண்ணேன்னு இங்க யாருக்காவது சொல்லிட்டுப் போனாரா? யாருக்காவது தெரியுமா?"

ஆளாளுக்குத் தரையைப் பார்த்தார்கள். "பாவம், ரொம்ப ஒடிஞ்சு போயிட்டாரு. உக்கார வைங்கப்பா" என்றார் தலைவர். யாரோ தோளைப் பிடித்து அமுக்கினார்கள். துக்கத்தில் உளறுகிறவன் என்று பெயர் வாங்கியதுதான் மிச்சம்.

மறுநாள் ஞாயிறு. டெய்லர் வேன்காரரைக் கட்டாயப்படுத்திக் கிளப்பிக்கொண்டு அதே ஓடைக்குப் போனார். துப்பாக்கி எடுத்துக்கொள்ளவில்லை. வேன்காரர் வழி நெடுக முணுமுணுத்தார், "சுடவும் போறதில்ல, பேசவும் விட மாட்டேங்கறீங்க. எதுக்குண்ணே வந்தோம்?" ஓடைக்கரையில் வண்டியை நிறுத்திவிட்டு, இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டார்.

வாரம் முழுக்க மழை இல்லை. சேறு காய்ந்து கெட்டியாகிக் கிடந்தது. எல்லாத் தடமும் அப்படியே இருந்தது. பன்றியின் தடம், அதற்குப் பக்கத்தில் டெய்லரின் ஷூ. டெய்லர் தன் தடத்தைத் தானே வேட்டையாடிக்கொண்டு நடந்தார். இதோ, இங்கே காய்ந்த சுள்ளியை மிதித்து ஒடித்திருக்கிறார். ஒரு தப்பு. திருப்பத்தில் பன்றித் தடத்தின் மேலேயே காலை வைத்து அழித்திருக்கிறார். இரண்டு. வெட்டவெளியில் நட்டநடுவில் போயிருக்கிறார், ஓரமாகப் போயிருக்க வேண்டும். மூன்று. நாணலுக்கு முன்னால் காலை அகட்டி நிற்காமல் சேர்த்து வைத்து நின்று சுட்டிருக்கிறார். நாலு. அடப்பாவி!

டெய்லர் தலையில் கையை வைத்துக்கொண்டு நின்றார். நாலு தப்பு இருக்கிறது. காட்டியதோ ஒரு விரல். லிப்ட்டுக்காரர் இந்த நாலில் ஒன்றைக்கூடக் கவனிக்கவில்லையா? கிலோமீட்டர் தூரத்தில் கொசு உட்கார்ந்தால் சொல்கிற ஆள்! அன்றைக்கு அவர் எங்கே பார்த்துக்கொண்டிருந்தார்?

அப்போதுதான் மூன்றாவது தடத்தைத் தேடினார். நாணல் புதரிலிருந்து வந்த வழியே திரும்பி, குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். லிப்ட்டுக்காரரின் ஷூ அச்சு அவருக்கு மனப்பாடம். பக்கத்தில், காட்டுக்கு வரும்போதெல்லாம் அவர் எடுத்து வருகிற ஊன்றுகோல் குத்திய குழிகள். கல்லுக்கு அருகில் குதிகால் தரையில் இழுபட்டுக் கோடு விழுந்திருந்தது. பன்னிரண்டு எட்டுக்குப் பின்னால் இரண்டு காலும் சேர்ந்து நின்ற தடம், கோல் குழி ஆழமாக. இருபது எட்டுக்குப் பின்னால் மறுபடி. அதற்கும் பின்னால், திருப்பத்தில், சேற்றில் ஐந்து விரலும் பதிந்த ஒரு கை. அங்கே உட்கார்ந்திருக்கிறார். எழுந்திருக்கக் கையை ஊன்றியிருக்கிறார்.

பழக்கத்தில் டெய்லரின் வாய் தானாகப் படித்தது. "இங்க நின்னிருக்கு. இங்க மறுபடி நின்னிருக்கு. எட்டு சின்னதாயிடுச்சு. ரொம்ப நேரம்..."

நிறுத்திக்கொண்டார். அதே வார்த்தைகள். போன வாரம் இதே இடத்தில், இதே குரலில், ஒரு பன்றியைப் பற்றிச் சொன்னவை. பத்தடி பின்னால் இந்த மனுஷன் கையை ஊன்றி எழுந்து, மூச்சு வாங்கிக்கொண்டே "ம்" கொட்டியிருக்கிறார்.

டெய்லர் தன் தடத்தை ஆரம்பத்திலிருந்து கடைசி வரை இன்னொரு தடவை பார்த்தார். ஒரு இடத்தில்கூடக் குதிகால் திரும்பவில்லை. ஒரு மணி நேரத்தில் ஒரு முறைகூட அவர் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. இருபது நாளைக்கு முன்னால் லிப்ட்டுக்காரர் அந்த வேட்டைப் பேன்ட்டைக் கடைக்குக் கொண்டுவந்தார். கணுக்காலில் இறுக்குகிறது, ஒரு இஞ்ச் விட்டுத் தையுங்கள் என்றார். டெய்லர் தானே அளவெடுத்தார். இரண்டு காலும் வீங்கியிருந்தன, டேப் சதைக்குள் பதிந்தது. "காட்டுல நடந்து நடந்து கால் கொழுத்துப்போச்சு உமக்கு" என்று கிண்டல் செய்துவிட்டு, தையலைப் பிரித்து ஒரு இஞ்ச் விட்டுக் கொடுத்தார். முப்பது வருஷமாக உடம்பை அளக்கிற கை. விரலுக்குத் தெரிந்திருக்கிறது, மண்டைக்கு ஏறவில்லை.

வேனுக்குத் திரும்பியபோது வேன்காரர் விழித்துக்கொண்டார். "கிடைச்சுதாண்ணே?"

"வண்டிய எடு" என்றார் டெய்லர்.

புதன்கிழமை ஏழு மணிக்கு லிப்ட்டுக்காரர் வீட்டுக் கதவைத் தட்டினார். உறவுக்காரர்கள் எல்லாம் போய்விட்டிருந்தார்கள். லிப்ட்டுக்காரரின் மனைவி கதவைத் திறந்தார். "வாங்கண்ணே. இன்னைக்குப் புதன்கிழமைதானே" என்றார், அவருக்கே அப்போதுதான் உறைத்த மாதிரி. டெய்லர் வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். எதிர் நாற்காலியில் துவைத்து மடித்த துணிகள் இருந்தன. மேலாக அந்தப் பேன்ட்.

"அன்னைக்கு ஒரு விரல் காட்டினாரும்மா. அது என்னன்னு கண்டுபிடிச்சுட்டேன். யார்கிட்டயாவது சொல்லணும்."

அந்தப் பெண் துணிகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்தார். "எங்கிட்ட சொன்னாருண்ணே அதப்பத்தி."

டெய்லர் நாற்காலி நுனிக்கு வந்தார். "சொன்னாரா? என்ன சொன்னாரு?"

"அன்னைக்கு நீங்க தப்பே பண்ணலியாம். அண்ணன் தேறிட்டாரு, இனிமே நான் சொல்ல ஒண்ணுமில்லன்னாரு. அப்புறம் எதுக்கு ஒரு விரலுன்னு கேட்டேன். தப்பு இல்லேன்னு சொல்லிட்டா புதன்கிழமை வர மாட்டாரே, அதான் சும்மா காட்டிட்டு வந்தேன்னாரு." புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "சிரிச்சுட்டே சொன்னாருண்ணே."

டெய்லருக்கு அந்த மடித்த பேன்ட்டைப் பிடுங்கி வீசி எறிய வேண்டும் போல் இருந்தது. தப்பு இல்லையாம்! தேறிவிட்டாராம்! இத்தனை வருஷம் சோப்பையும் சுள்ளியையும் கண்டுபிடித்த ஆளுக்கு இதுவா கண்ணில் படவில்லை?

"இருந்துச்சும்மா" என்றார். "நாலு சின்னத் தப்பு இருந்துச்சு, அது போகட்டும். ஒரு பெரிய தப்பு இருந்துச்சு. உன் புருஷன்தான் பாக்கல." சொன்னார். ஓடையில் பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னார். நின்ற இடங்களை, கை ஊன்றிய இடத்தை, ஒரு இஞ்ச் விட்டுத் தைத்ததை. "நான் ஒரே ஒரு தடவை திரும்பிப் பாத்திருந்தா, அங்கேர்ந்தே தூக்கிட்டு வந்து ஆஸ்பத்திரில போட்டிருப்பேன். திரும்பலம்மா."

அந்தப் பெண் வெகு நேரம் பேன்ட்டின் கால் மடிப்பைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு மாசமா லிப்ட்லதான் ஏறி இறங்கினாருண்ணே" என்றார். "கூட வேலை செய்யறவரு நேத்து வந்து சொன்னாரு."

டெய்லர் அந்தப் பெண்ணின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்த வார்த்தை வந்துவிடக் கூடாது என்று அத்தனை புதன்கிழமையும் இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாரோ, அதைக் கேட்கத்தான் இப்போது வந்திருக்கிறார். இல்லண்ணே, அது இல்ல. போய் யோசிச்சுட்டு வாங்க. யாராவது ஒருத்தர் அதைச் சொல்லிவிட மாட்டார்களா?

அந்தப் பெண் துணிகளை நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். "இருங்கண்ணே" என்றார். "டீ போடறேன்."

"வேணாம்மா" என்றார் டெய்லர். அதற்குள் உள்ளே அடுப்புப் பற்றவைக்கிற சத்தம் கேட்டது.